கால் சுற்று

மேல்தெருவுக்கு ஆறு சுற்று.
கீழே, காலனிக்குக் கால் சுற்று.
பாலக்கோட்டுச் சாலையில் தக்காளி லாரிகள் கிளம்பும் முன்,
விடிய நாலரைக்கு,
தொட்டிக்கடியில் குந்தி
பதினோரு வருடம் இதைத்தான் செய்தேன்.
ஒகேனக்கல்லிலிருந்து மேடேறி வந்த தண்ணீர்
என் மணிக்கட்டு சொன்ன பக்கம் போனது.

முதல் வருடம் சென்னகிருஷ்ணன் சொன்னார்:
"அவனுங்களுக்குத்தான் பழைய போர் இருக்கே, பச்சியப்பா."
இரண்டாம் வருடம் சொல்லவில்லை.
மூன்றாம் வருடம் மாரடைப்பில் போய்விட்டார்.
அவர் பாடைக்கு முன்னால் தெரு நனைத்ததும் இதே தண்ணீர்தான்.
மறுநாள் நாலரைக்கும்
கால் சுற்று.

பழைய போரில் பாறைத் தண்ணீர்.
குடித்தால் இனிப்பாகக்கூட இருக்கும்.
போன மாசியில் லேபிலிருந்து ஒரு பெண் வந்தாள்.
கண்ணாடிக் குழாயில் அதைப் பிடித்து
மருந்து சொட்டினாள்.
ரோஜா நிறம் மெல்ல மஞ்சளானது.
நல்ல மஞ்சள், தாலிக்கயிற்று மஞ்சள்.
மங்கலமாக இருக்கிறதே என்று சொல்ல வாயெடுத்தேன்.
"எலும்புக்குள்ள போயிடும். போனா திரும்பாது"
என்றாள், எழுதிக்கொண்டே.

பக்கத்தில் நின்றிருந்தாள் மாதம்மா மகள் பவதாரணி.
பைப்பு வந்த வருடம் பிறந்தவள்.
பல்லில் துரு.
முட்டி இரண்டும் ஒன்றையொன்று இடிக்க
குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போனாள்.
லேப் பெண் அவளைப் பார்த்தாள்.
நான் வால்வைப் பார்த்தேன்.

அன்று ராத்திரி முனியப்பனிடம் போனேன்.
ஏரிக்கரைப் பனைகளுக்கு நடுவில்
பன்னிரண்டடி உட்கார்ந்திருக்கிறான்.
புது பெயிண்ட். மீசையில் இன்னும் டர்பன்டைன் வாசம்.

சண்டைக்குத்தான் போனேன்.

பாறைக்குள் அந்த விஷத்தை வைத்தது யார்?
நான் வைக்கவில்லை. பஞ்சாயத்தும் வைக்கவில்லை.
இந்தக் குன்றெல்லாம் உருகிக் குளிர்ந்த நாளில்
மேல்தெரு இல்லை, காலனி இல்லை,
நீ மட்டும்தான் இருந்தாய்.

அவன் இமைக்கவில்லை. இமை வைத்துச் செய்யவில்லை அவனை.

சரி, அதை விடு.
கையில் அரிவாள் எதற்கு?
நாலாயிரம் விடியல்.
அதில் ஒன்றில், ஒரே ஒன்றில்,
என் மணிக்கட்டின் மேல்
தட்டான் உட்கார்வதுபோல்
உன் விரலை வைத்திருந்தால் என்ன?

கேட்டுக்கொண்டிருந்தபோதே
ஆடி மாதக் கிடா நினைவு வந்தது.
மாலை போட்டு இங்கேதான் நிறுத்துவோம்.
தலையில் ஒரு சொம்பு தண்ணீர்.
குளிருக்கு உடம்பைச் சிலுப்பும்.
"உத்தரவு குடுத்துடுச்சு!" என்று கூட்டம் கத்தும்.
அதன் சம்மதம் எங்கள் சொம்பில் இருந்தது.

என் தலையில் யாரும் தண்ணீர் ஊற்றவில்லை.
சென்னகிருஷ்ணன் செத்தபின்
எட்டு வருடம்
என் கை என்னுடையதாகவே இருந்தது.
நீ பிடித்திருந்தால் அதுவும் ஒரு வால்வுச் சாவி,
பிடிக்காததால்தான் அது கை
என்றொரு சமாதானம் வந்தது.
கொஞ்ச நேரம் இனித்தது,
பாறைத் தண்ணீர் மாதிரி.

அப்புறம் அந்த முட்டிகள்.
என் கை கையாக இருப்பதற்கு
அவள் கால் ஏன் ஜாமீன்?
சத்தமாகவே கேட்டேன்.
ஏரியில் தவளைகள் நிறுத்தின. அவ்வளவுதான்.
வீட்டுக்குப் போகவில்லை.

நாலரைக்குச் சாவியை மாட்டினேன்.
கால் சுற்றுக்கு மேல் போயே பழகாத வால்வு
அந்த இடத்திலேயே துருவேறி இறுகிக் கிடந்தது.
மண்ணெண்ணெய் விட்டேன். கல்லால் தட்டினேன்.
இரண்டு காலையும் சுவரில் ஊன்றித் தொங்கினேன்.
உள்ளங்கை கிழிந்தது.
கிரீச்சென்று மூன்று சுற்று வந்து நின்றுவிட்டது,
அதற்குமேல் அசையவில்லை.

கீழே குடம் நிறைந்து வழியும் சத்தம்.
நிறைந்தும் நிற்கவில்லை.
யாரோ பயந்துபோய்க் கத்தினார்கள்,
மாதம்மா குரல் மாதிரி இருந்தது:
"பைப்பு உடைஞ்சிடுச்சு, யாராவது ஓடுங்க,
பச்சியப்பன்கிட்ட சொல்லுங்க."